பறக்கும் வில்லனுக்குக் கயிறு பிடித்தவன்

ஓய்வு பெற்றவர் எழுதுகிறார் என்றால் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியும் உங்கள் மனதில் வரும். எனக்கு வயது முப்பத்தொன்று. நரை இல்லை. ஆனாலும் நான் ஓய்வு பெற்றவன்தான். சண்டைப் படங்களில் ஆட்களைக் கயிற்றில் கட்டிப் பறக்கவிடும் வேலையிலிருந்து ஒரேயடியாக விலகிவிட்டேன். இப்போது திருவண்ணாமலையில் ஒரு டியூஷன் சென்டரில் இயற்பியல் சொல்லித் தருகிறேன்.

இதை எழுதச் சொன்னவள் ஷர்மிளா. பிளஸ் டூ படித்தபோது என்னிடம் கப்பிப் பாடம் கேட்டவள். கப்பியைப் பற்றிப் பேசினால் எனக்கு வாய் சும்மா இருக்காது. சினிமாவில் கயிறு இழுத்த கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். கல்லூரிக்குப் போன பிறகும் அவள் அதை மறக்கவில்லை. இப்போது அவளும் அவள் வகுப்புத் தோழன் நவீனும் 'மொக்கைப் பட வட்டம்' என்று ஒன்று நடத்துகிறார்கள். மாதம் ஒருமுறை செங்கம் ரோட்டில் ஒரு கஃபே மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி, உலகத்திலேயே மோசமான கராத்தே படமாகத் தேடிப் பிடித்துப் போடுவார்கள். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள்கூட வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். வட்டம் அச்சிடும் சிறு மலருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஆனால் கட்டுரை கேட்டு அவர்கள் முதலில் வரவில்லை. வேறு ஒன்றுக்காக வந்தார்கள்.

ஒரு மதியம் வகுப்பு முடிந்து பெஞ்சுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். இருவரும் உள்ளே வந்தார்கள்.

"சார், அந்தப் பறக்குற வில்லன் ஷாட்டுக்கு நீங்கதானே கயிறு புடிச்சீங்க?"

"நாலு பேர்ல நானும் ஒருத்தன். ஏன்?"

"சார், செம சார் அது!" என்று நவீன் துள்ளினான். "கறுப்பு டிரெஸ் போட்டுக்கினு கோணையா பறப்பாரே, ஒரு கால் மட்டும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி..." அவன் பெஞ்சுகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று அதை நடித்தே காட்டினான். ஷர்மிளா சிரித்துச் சிரித்துக் கரும்பலகையில் சாய்ந்துவிட்டாள்.

"அதையே அச்சு அசலா திருப்பி எடுக்கப் போறோம் சார்," என்றாள் மூச்சு வாங்கியபடி. "நான்தான் வில்லன். பெல்ட்டு ஆன்லைன்ல வந்துடுச்சு. கயிறு வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை, கல்குவாரில. நீங்க வந்து எப்படிக் கட்டுறதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க."

"எவ்ளோ உயரம்?"

"ரெண்டு மாடி இருக்கும் சார். கம்மிதான்."

வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். பயமாக இருக்கிறது என்றேன். "சார், காமெடி பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று மாலை எனக்கு இன்னும் மூன்று வகுப்பு இருந்தது. ஒன்றிலும் மனம் நிற்கவில்லை.

அவர்களைத் திட்ட எனக்கு உரிமையில்லை. அந்தப் படங்கள்மீது அவர்களுக்கு இருக்கும் பைத்தியம் எனக்கும் இருந்தது. கல்லூரியில் இயற்பியல் படித்த நாட்களில் என் கைபேசி முழுக்க அந்த ரகம்தான். அடி விழும் முன்பே கீழே விழுந்துவிடும் அடியாள். ஐந்து பேரை உதைக்கும் நாயகன். உதைத்த காட்சி ஒன்றுதான், அதையே ஐந்து முறை ஓட்டியிருப்பார்கள். தலை முதல் கால் வரை கறுப்புத் துணி சுற்றிய ரகசியக் கொலையாளி, காலில் ரப்பர் செருப்பு. செத்துக் கிடப்பவன் கொசு கடித்ததும் தொடையைச் சொறிவான். சண்டையின் நடுவே நாயகனின் மீசை ஒரு பக்கம் தொங்கும். அவன் அதை ஒட்டிக்கொண்டே வில்லனைக் குத்துவான்.

நல்ல சண்டைப் படத்தைப் பார்த்து வாய் பிளப்போம். மோசமான சண்டைப் படத்தோடு சொந்தம் கொண்டாடுவோம். நல்ல படத்தில் எல்லாம் மறைந்திருக்கும், கயிறும் வியர்வையும் ஆளும். மோசமான படத்தில் கயிறு தெரியும். கயிறு தெரிந்தால் அதில் தொங்குகிற ஆள் தெரிவான். அவன் நம்மைப் போன்றவன். சரியாகச் செய்யத் தெரியாமலேயே உயிரைக் கொடுத்துச் செய்கிறான். அவனைப் பார்த்துச் சிரிக்கும்போது கொஞ்சம் அவனுடைய கட்சிக்கே போய்விடுகிறோம். இந்தத் தத்துவத்தை அந்த வயதில் யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் என்று திரிந்தேன். சொல்லிக்கொண்டே நானும் அதற்குள் போய்விட்டேன்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரும்பகுதி விழுந்ததுதான். கொஞ்சம் கராத்தே தெரியும் என்ற தைரியத்தில் சென்னைக்குப் போனேன். முன்னால் விழ, பின்னால் விழ, மேசைமேல் விழ, அட்டைப் பெட்டிக் குவியலில் விழக் கற்றுக்கொண்டேன். எடை குறைவு, முகம் சுமார், இயற்பியல் தெரியும். எனவே முன்னால் நிறுத்தாமல் கயிற்றுப் பக்கம் அனுப்பினார்கள். அங்கேதான் ஏகாம்பரம் மாஸ்டரிடம் சேர்ந்தேன். எனக்கு முன்பே அங்கே இருந்தவன் தரணி.

தரணியின் முழுப்பெயர் தரணேந்திரன். எங்கள் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பிள்ளை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவான். மெத்தையில் விழுவதற்கு முன் அதன்மேல் ஊரும் எறும்புகளைத் துண்டால் மெல்லத் தள்ளிவிடுவான். "எறும்புக்குக்கூட பாவம் பாக்குறவன் எப்படிடா வில்லன் ஆளா வேலை செய்யுற?" என்று குழுவில் கேட்டால், "நான் எங்கடா அடிச்சேன்? எல்லாப் படத்துலயும் நான்தானே அடி வாங்குறேன்" என்பான். பறக்கும் காட்சி எதுவானாலும் அவன்தான். காற்றில் அவன் உடம்பு மீன் மாதிரி வளையும்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டை மாஸ்டர் என்றால் தொண்டை கிழியக் கத்துவார் என்று நினைப்பீர்கள். அவர் பேசுவதைக் கேட்கப் பக்கத்தில் போக வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் வைத்திருப்பார். எங்களை "கண்ணு" என்பார், கோபம் வந்தால் "தம்பி" என்பார். அவர் தம்பி என்று கூப்பிட்டால் எங்களுக்கு அன்று சாப்பாடு இறங்காது.

கயிற்றில் ஆளை ஏற்றுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. உடைக்குள் ஒரு பெல்ட் போடுவோம். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொக்கி. கொக்கி தானாகத் திறந்துவிடாமல் ஒரு திருகு உண்டு. வலப்பக்கத் திருகை உதவியாளர் மூட வேண்டும். இடப்பக்கத்தைப் பறக்கிறவனே மூட வேண்டும். "உன் உசுருல பாதியாவது உன் கையில இருக்கணும்" என்பது அவர் கணக்கு. இழுத்துப் பார்த்து "பூட்டியாச்சு மாஸ்டர்" என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைசிச் சோதனை. மாஸ்டர் அவன் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். இதயம் படபடவென்று அடித்தால், "போ கண்ணு." சாதாரணமாக அடித்தால் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி வேறொருவனை அனுப்புவார்.

ஆமாம். பயப்படுகிறவனைத்தான் மேலே அனுப்புவார். "பயந்தவன் திருகை மூணு தடவ தொட்டுப் பாப்பான். தைரியசாலி ஒரு தடவகூடப் பாக்க மாட்டான். எனக்குத் தைரியசாலி வேணாம்" என்பார். மற்ற குழுக்களில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் குழுவில் அதுவரை யாருக்கும் பெரிய அடி பட்டதில்லை என்பதால் நாங்கள் சிரித்ததில்லை.

இப்போது அந்தப் படம். பெயரைச் சொல்ல மாட்டேன், வட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் எடுக்க வந்ததற்குக் காரணம் செலவு. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் பின்னால் மலை நிற்கும். செட்டு போட வேண்டாம். கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியைப் பிடித்தார்கள். கதைப்படி வில்லன் தவம் செய்து பறக்கும் சக்தி பெற்றவன். இந்த முனைப் பாறையிலிருந்து அந்த முனைப் பாறைக்கு, நடுவே இருக்கும் பள்ளத்தைத் தாண்டிப் பறந்து வந்து நாயகனின் நெஞ்சில் உதைக்க வேண்டும். வில்லனாக நடித்தவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே யோசிப்பார். எனவே முகத்தை மூடிக்கொண்டு தரணி.

இரண்டு பாறைக்கும் நடுவே இரும்பு வடம் கட்டினோம். வடத்தில் ஓடும் கப்பி. கப்பியிலிருந்து தொங்கும் இரண்டு கயிறுகள் தரணியின் இரண்டு கொக்கிகளில். எதிர்ப்பக்கத்தில் நாங்கள் நால்வர் இழுத்தால் அவன் பறந்து வருவான். கிளம்பும் இடத்தில் மெத்தை, இறங்கும் இடத்தில் மெத்தை. நடுவில் கல்.

பகல் வெளிச்சம் நன்றாக இருந்தது. தரணியின் அங்கி பறப்பதற்காகப் பெரிய காற்றாடி ஒன்று. அதற்கு ஜெனரேட்டர். அது போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. கேட்கவும் தேவையில்லை. இந்த மாதிரிப் படங்களில் அங்கே ஒலிப்பதிவு கிடையாது, எல்லாம் பிறகு டப்பிங்கில்தான். வாய் அசைந்தால் போதும். அதனால் கயிற்றில் தொங்குகிறவர்கள் வாய்க்கு வந்ததைக் கத்துவார்கள். ஒருவன் இட்லி, வடை, பொங்கல் என்று ஓட்டல் பட்டியலைக் கத்துவான். தரணியின் வழக்கம், "ஐயோ செத்தேன்டா! காப்பாத்துங்கடா!" ஒவ்வொரு முறையும் அதைத்தான் கத்துவான், நாங்கள் ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

எதிர்ப் பாறையில் மாஸ்டர் அவன் முதுகில் கை வைப்பதைப் பார்த்தேன். தலையை ஆட்டினார். கை இறங்கியது. இழுத்தோம்.

பாதிப் பள்ளம் வரும்வரை அழகாக வந்தான். திடீரென்று அவன் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. என் கையில் இருந்த கயிறு ஒரு வெட்டு வெட்டியது. தூண்டிலில் மீன் கடித்தால் வருமே, அந்த மாதிரி. ஆனால் மீன் பெரியது. நாங்கள் இழுப்பதை நிறுத்திவிட்டோம். தரணி ஒற்றை இடுப்பில் கோணலாகத் தொங்கினான். பிடிமானம் தேடி ஒரு கால் காற்றில் மிதித்துக்கொண்டே இருந்தது. வாய் அகலமாகத் திறந்து திறந்து மூடியது.

"சூப்பர்! சூப்பர்! கட் பண்ணாத, ஓட்டு!" என்று டைரக்டர் மைக்கில் கத்திக் குதித்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் கயிறு பிடித்தவன் சிரித்தான். "பாருடா, செத்தேன்டான்னு கத்துறான்" என்று என் காதருகே கத்தினான். உண்மையிலேயே அதைத்தான் கத்திக்கொண்டிருந்தான். வேறு வார்த்தை அவனுக்கு வாயில் வரவில்லை.

மாஸ்டர் முகத்தைப் பார்க்கிறவர் இல்லை, கொக்கியைப் பார்க்கிறவர். பாறையிலிருந்து சரிந்து இறங்கிப் போய் ஜெனரேட்டரை அவரே அணைத்தார். காற்றாடி சுழன்று சுழன்று நின்றது. அப்போதுதான் அந்த இடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அந்த அமைதியில் முதலில் கேட்டது தரணியின் குரல் இல்லை. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். சிறிது நேரம் கழித்து இன்னொரு 'டப்'.

பெல்ட்டின் தையல்.

இடப்பக்கக் கொக்கி திறந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தது. வலப்பக்கக் கொக்கி உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கத் தையல் ஒரு முழு ஆளைத் தாங்கத் தைக்கப்படவில்லை. இழுத்தால் குலுங்கும், குலுங்கினால் அறுந்துவிடும். இழுக்காவிட்டாலும் அறுந்துகொண்டுதான் இருந்தது.

"இழுக்காதீங்க கண்ணு. விடாதீங்க. மூச்சு விடுங்க," என்றார் மாஸ்டர் எங்களிடம். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது. பிறகு மெத்தைகளை நடுவுக்கு இழுக்கச் சொன்னார். கற்களுக்கு மேலே மெத்தையை இழுப்பது லேசில்லை, ஒவ்வொரு கூர்மையிலும் சிக்கும். டைரக்டரே ஓடிப்போய் ஒரு மூலையைப் பிடித்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

என் உள்ளங்கையில் தரணியின் உடம்பு நடுங்குவது தெரிந்தது. கயிறு வழியாக வந்துகொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் இன்னொருவனின் பயத்தை அவ்வளவு நெருக்கமாக நான் தொட்டதில்லை. கை வியர்த்தது. வியர்த்ததில் கயிறு ஒரு நூல் அளவு நழுவியது. இன்னும் இறுக்கினேன்.

மாஸ்டர் அவனுக்கு நேர் கீழே போய் நின்றார். அண்ணாந்து பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல் ஆரம்பித்தார்.

"தரணி."

கத்துவதை அவன் நிறுத்தியிருந்தான்.

"இன்னாப்பா, பொழுது சாயப் போவுது. நீ சாப்புட வேணாமா?"

மேலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது. "இன்னும் வெயில் இருக்குது மாஸ்டர்."

"இருக்குதா? சரி. இன்னைக்கு இன்னா சாப்பாடு?"

"தெரியல மாஸ்டர்."

"நான் சொல்லட்டுமா? தயிர் சாதம். காலை ஆட்டாத. ஊறுகா வேணுமா?"

கால் நின்றது. "வேணும் மாஸ்டர்."

ஊறுகாய் என்ன ஊறுகாய் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது மெத்தை வந்து சேர்ந்தது. முழுதாக வந்து சேரவில்லை. தையல் ஒரே கிழிசலாகப் போனது. எங்கள் நால்வரின் கையிலும் எடை இல்லாமல் போய் நாங்கள் பின்னால் விழுந்தோம். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். மேல் உடம்பு மெத்தையில், இடுப்புக்குக் கீழே கல்லில்.

உயிர் இருந்தது. இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்து, நான் மட்டும் பக்கத்தில் இருந்த ஒரு பகலில், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"எனக்குப் பயமே போயிடுச்சுடா. கொஞ்ச நாளாவே இல்ல. படத்துலயே பெரிய பறக்குற ஷாட்டு அது. மாஸ்டர் கைய வெச்சா கண்டுபுடிச்சி வேற ஆள அனுப்பிடுவாருன்னு வேன் பின்னாடி போய் ஸ்கிப்பிங் ஆடினேன். மூச்சு வாங்கிச்சு. தண்ணி குடிச்சேன். அப்படியே வந்து பூட்டியாச்சுன்னுட்டேன்."

திருகைத் தொட்டே பார்க்கவில்லை. பயந்தவன் போல் நடிக்க இதயத்தை ஓட வைத்தவன், பயந்தவன் செய்கிற ஒரே வேலையை மறந்துவிட்டான். இதை அவனே மாஸ்டரிடமும் சொன்னான். மாஸ்டர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என் கையே என்னை ஏமாத்திடுச்சே" என்றார். அதன் பிறகு அவர் யார் முதுகிலும் கை வைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த படத்தில் நான் வேலைக்குப் போனேன். ஆளைக் கட்டுவேன், அவிழ்ப்பேன், மறுபடி கட்டுவேன். திருகை முடுக்கிவிட்டு நாலடி நடந்தால் சந்தேகம் வரும், திரும்பி வருவேன். ஒரு நாள் நான் பார்த்துப் பார்த்தே வெளிச்சம் போய்விட்டது. ஷாட் எடுக்கவில்லை. மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு ஏலக்காய் கொடுத்தார். "பயம் இருக்கணும் கண்ணு. ஆனா உன்கிட்ட பயம் மட்டும்தான் இருக்குது. நீ படிச்சவன். ஊருக்குப் போ." நான் ஓய்வு பெற்ற விழா அதுதான்.

படம் வந்தது, போனது. பிறகு யாரோ அந்த ஒரு காட்சியை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டார்கள். ஆமாம், அந்த ஷாட்டைப் படத்தில் வைத்திருந்தார்கள். தரணியின் வாய்க்கு, "அண்ட சராசரமும் என் காலடியில்!" என்று டப்பிங் பேசி, புலி உறுமலும் சேர்த்திருந்தார்கள். கோணலாகத் தொங்கும் உடம்பு, சைக்கிள் மிதிக்கும் ஒற்றைக் கால், கம்பீரமான வசனம். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தெரியாதவனாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

இப்போது சொல்லுங்கள், அதையே அச்சு அசலாக எடுக்கப் போகிறோம் என்று ஒரு பெண் வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்?

தரணிக்கு போன் செய்தேன். கீழ்பென்னாத்தூரில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கும் மில் வைத்திருக்கிறான். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேணாம்னு சொன்னா கேப்பாங்களா? நாம கேட்டோமா?" என்றான். "ஞாயித்துக்கிழமை நானும் வரேன். வழியில வந்து என்னை இட்டுனு போ."

அது வேறு குவாரி. ஆனால் எல்லாக் குவாரியும் எனக்கு ஒன்றுதான். அடியில் பச்சைத் தண்ணீர், ஓரமெல்லாம் கூர்க்கல். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாறையில் கயிறு கட்டியாகிவிட்டது. ஷர்மிளா பெல்ட்டைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். தரணி வண்டியிலிருந்து காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தான். கையில் ஒரு பை அவித்த மல்லாட்டை.

"இவருதான் உங்க வில்லன்," என்றேன்.

இருவரும் கத்திய கத்தலில் மைனாக்கள் பறந்தன. செல்ஃபி, கையெழுத்து, மறுபடி செல்ஃபி. தரணிக்கு முகமெல்லாம் வெட்கம். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, "நல்ல பெல்ட்டும்மா. எங்களுது இவ்ளோ நல்லா இருக்காது" என்றான். நவீன் என்னைப் பெருமையாகப் பார்த்தான்.

"ஒன்னு கேக்குறேன்," என்றான் தரணி. "அந்த ஷாட்டப் பாத்து எதுக்கும்மா சிரிக்கிறீங்க? கோச்சிக்கல, தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன்."

ஷர்மிளா தயங்கினாள். "அது... அவ்ளோ பொய்யா இருக்குதுண்ணா. அதான்."

"அந்தப் படத்துல மத்ததெல்லாம் பொய்தாம்மா. அந்த ஷாட்டு மட்டும் நெசம்."

போனில் அந்தக் காட்சியை எடுக்கச் சொன்னான். ஒலியை அணைக்கச் சொன்னான். "இப்போ என் வாயப் பாரு" என்றான். அவள் பார்த்தாள். டப்பிங் இல்லாத அந்த வாய் அசைவுக்கு அவன் பக்கத்திலிருந்து மெல்லக் குரல் கொடுத்தான். "ஐயோ செத்தேன்டா. காப்பாத்துங்கடா." மூன்றாவது முறை அவன் சொல்வதற்குள் அவள் போனைக் கவிழ்த்துவிட்டாள்.

ஷர்மிளா பெல்ட்டைக் கழற்றினாள். திருகு மட்டும் அவளுக்குத் திறக்கவில்லை. நான்தான் திறந்துவிட்டேன்.

"அப்போ ஷாட்டு?" என்றான் நவீன், பாவமாக. "எல்லாருக்கும் சொல்லிட்டோமே."

என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. "டேய், உங்களுக்கு மொக்கையாத்தானே வேணும்? ரோட்டு மேல டீக்கடை இருக்குது. பெஞ்சு கேளு. குப்புறப் படுத்துக்கினு காலை ஆட்டினா போதும். கேமராவைக் கீழ வெச்சி வானத்தைப் பாத்து எடு. ஒருத்தன் அட்டையால காத்து வீசட்டும். நாங்க எடுத்ததைவிடக் கேவலமா வரும்."

நவீனின் கண் விரிந்தது. "சார், பெஞ்சு தெரிஞ்சிடுமே?"

"தெரியட்டும்டா!"

அவன் பெஞ்சுக்கு ஓடினான். ஷர்மிளா கறுப்பு அங்கியை எடுத்தாள். தரணி கையை நீட்டினான். "அதைக் குடும்மா. வில்லன் நான்தான்."

பெஞ்சு முழங்கால் உயரம். கீழே மண். தரணி குப்புறப் படுத்தான். அங்கி பறந்தது. நல்ல காலை ஆட்டினான், சரியாக அதே மாதிரி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். ஷர்மிளா கேமராவுடன் மண்ணில் படுத்திருந்தாள்.

"ரெண்டு கையையும் நீட்டுங்கண்ணா. பறக்கணும்."

வலக்கை நீண்டது. இடக்கை பெஞ்சின் காலைப் பிடித்திருந்தது.

"அந்தக் கையும்ண்ணா."

"ம்."

"அண்ணா, விடுங்க. கீழ மண்ணுதான். முட்டி உயரம்கூட இல்ல."

"தெரியுது கண்ணு," என்றான் தரணி. அவன் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி மண்ணில் விழுந்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது. "விட முடியல. நீ அப்படியே எடு."

அவள் எடுத்தாள். மொட்டை மாடியில் திரையிடும்போது நீங்களும் பார்ப்பீர்கள். கறுப்பு அங்கியும் நீலவானமும் புலி உறுமலும் வரும். வானத்தில் பறக்கும் வில்லன் ஒரு டீக்கடை பெஞ்சின் காலையும் பிடித்துக்கொண்டு பறக்கிறான். வெட்டிவிடலாமா என்று நவீன் கேட்டதற்கு ஷர்மிளா கூடாது என்று சொல்லிவிட்டாள். தாராளமாகச் சிரியுங்கள், அதற்குத்தான் எடுத்திருக்கிறார்கள். சிரித்து முடித்த பிறகு அந்தக் கையைப் பாருங்கள். விரல் மூட்டுகள் வெளுத்திருக்கும்.